திருப்பிப் பார்த்தீர்களா? கட்டையில் முளைக்கும் குட்டிக் காளான்கள் – வாசகர் கேள்வி பதில்

மழைக்காலம் பிறந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் காளான் படங்கள்தான் அதிகம். இந்த முறை அநேகமாக எல்லாமே மரத்திலும் விறகிலும் முளைத்தவை. தாவர நோயியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எனக்கு இதில் கொள்ளை ஆசை. ஆகவே இந்த இதழில் ரோஜாச் செடி, தென்னை வண்டு கேள்விகளெல்லாம் காத்திருக்கட்டும்.

வீட்டுக்குப் பின்னால் ரப்பர் விறகு அடுக்கி வைத்திருக்கிறோம். சாரல் அடித்து ஓய்ந்ததும் விறகின் மேல் வரிசை வரிசையாகச் சின்னக் காளான்கள். நகக்கண் அளவுதான். காம்பு இல்லை. மேலே வெள்ளைப் பூனைமுடி மாதிரி இருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். பெயர் சொல்ல முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

நான்கு படம் அனுப்பியிருக்கிறீர்கள் அம்மா, நான்கும் மேலேயிருந்து எடுத்தது. எல்லோரும் இப்படித்தான் எடுக்கிறார்கள். காளானின் மேல்புறம் அழகு, அவ்வளவுதான். அதன் ஜாதகம் அடிப்புறத்தில் இருக்கிறது. நல்ல வேளையாக மூன்றாவது படத்தின் ஓரத்தில் ஒன்று பிய்ந்து குப்புறக் கிடக்கிறது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒட்டியிருந்த இடத்திலிருந்து விளிம்பு நோக்கி விரியும் மடிப்புகள், லேசான இளஞ்சிவப்பு கலந்த சாம்பல் நிறம். ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் நீளவாக்கில் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. இது சைசோபில்லம் கம்யூன். தமிழில் பலரும் பொதுவாக மரக்காளான் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் வகுப்பில் 'பிளவுச் செதில் காளான்' என்று சொல்லிக்கொடுத்தேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

நீங்களே உறுதி செய்துகொள்ள ஒரு வழி. ஒன்றைப் பிய்த்து எடுங்கள். சிப்பிக் காளான் மாதிரி பொசுக்கென்று கிழியாது, தோல் மாதிரி இழுபடும். பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்று பள்ளிக்கூடச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும், அதை வைத்து அடிப்புறத்தைப் பாருங்கள். சாதாரணக் காளானின் செதில், அதாவது அடிப்புறத்து மடிப்பு, ஒற்றைத் தகடு. இதில் ஒவ்வொரு செதிலும் விளிம்பில் இரண்டாகப் பிளந்திருக்கும். காய்ந்த நிலையில் அந்த இரண்டு பாதிகளும் வெளிப்பக்கமாகச் சுருண்டு, பக்கத்துச் செதிலின் பாதியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். விதைத்தூள் (காளான் பரவ விதை போல உதவும் நுண்தூள்) உண்டாகும் பரப்பு அப்போது உள்ளே பத்திரமாக மூடப்பட்டுவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு லென்ஸை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள். சுருள் மெல்ல மெல்ல நிமிரும். பாடப்புத்தகத்தில் பத்து முறை படித்தாலும் வராத தெளிவு இந்த ஒரு சொட்டுத் தண்ணீரில் வந்துவிடும்.

இதைப் போலவே விசிறி வடிவத்தில் கட்டையில் முளைக்கிறவை வேறு பலவும் உண்டு. அடிப்புறத்தில் ஊசி குத்தியது போல் துளைகள் இருந்தால் அது துளைக்காளான் கூட்டம், டிராமெட்டிஸ் மாதிரி. அடிப்புறம் மொழுமொழுவென்று எந்த மடிப்பும் இல்லாமல் இருந்தால் ஸ்டீரியம். செதில் இருக்கிறது, ஆனால் ஒடித்தால் தக்கை மாதிரி கட்டியாக இருக்கிறது என்றால் லென்சைட்டிஸ் பக்கம் போய்த் தேடுங்கள். செதில் இருக்கிறது, சதை மெத்தென்று இருக்கிறது, வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து வைத்தால் பழுப்புத் தூள் விழுகிறது என்றால் கிரெபிடோட்டஸ். இவற்றில் எதற்கும் செதில் நீளவாக்கில் பிளந்திருக்காது. அந்த ஒரு அடையாளத்தால்தான் கண்ணால் பார்த்தே பெயர் சொல்லக்கூடிய ஒரு சில காளான்களில் இதுவும் ஒன்றாக இருக்கிறது. மற்றவற்றுக்கெல்லாம் நுண்ணோக்கி இல்லாமல் வாய் திறப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

சித்திரை வெயிலில் இதே காளான் சருகு மாதிரி சுருங்கிக் கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்தேன். மழை பெய்த மறுநாள் புதிதாக முளைத்த மாதிரி நிற்கிறது. செத்தது பிழைக்குமா?
– வாசகர், திருச்செந்தூர்

சாகவில்லை, காத்திருந்தது. கடைத்தெருவில் விற்கும் காளான்கள் இரண்டு நாளில் அழுகி நாறிவிடும், அவற்றின் வாழ்க்கையே அவ்வளவுதான். இது வேறு ரகம். தண்ணீர் வற்றினால் செதிலைச் சுருட்டிக்கொண்டு உறங்கும். ஈரம் பட்டால் சில மணி நேரத்தில் விரிந்து, மறுபடியும் விதைத்தூளைத் தெறிக்க ஆரம்பித்துவிடும். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு என்ன வேண்டும்?

கனடாவின் வின்னிபெக் நகரில் பேராசிரியராக இருந்த ஆர்தர் ஹென்றி ரெஜினால்ட் புல்லர் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். காய்ந்த காளான்களைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடி முத்திரை வைத்தார். பல பத்தாண்டுகள் கழித்துக் குழாயை உடைத்து நனைத்தபோது காளான் விரிந்தது, விதைத்தூளும் விட்டது. புல்லர் 1944-இல் இறந்துபோனார். அவர் மூடி வைத்த காளானோ அவருக்குப் பிறகும் உயிரோடு இருந்தது.

நீங்கள் குழாய்க்கெல்லாம் அலைய வேண்டாம். காய்ந்த சுள்ளி ஒன்றைக் காளானோடு ஒடித்துப் பழைய நாளிதழில் சுற்றி அலமாரியில் போட்டு வையுங்கள். அடுத்த கோடையில் எடுத்து ஈரத்துணியில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

மாமரத்தின் ஒரு கொப்பில் இந்தக் காளான் வந்திருக்கிறது. மரத்தைக் கொன்றுவிடுமா? பூஞ்சாணக்கொல்லி அடிக்கலாமா?
– விவசாயி, பொள்ளாச்சி

அடிக்காதீர்கள், காசுக்குப் பிடித்த கேடு. நீங்கள் பார்ப்பது காளானின் வெளிமுகம். அதன் உடம்பு மரத்துக்குள்ளே நூல்நூலாக ஓடியிருக்கிறது, மேலே தெளிக்கும் மருந்து அங்கே போகாது.

பெரும்பாலும் இது செத்த கட்டையைத் தின்பது. நல்ல உயிரோட்டமுள்ள கொப்பில் தானாக ஏறுவது அபூர்வம். வெயிலில் பட்டை வெந்துபோன இடம், கவாத்து செய்து காயத்தை அப்படியே விட்ட இடம், மாடு உரசிப் பட்டை பெயர்ந்த இடம் போன்ற இடங்களைப் பார்த்துத்தான் நுழையும். ஆக, காளான் வந்ததால் கொப்பு கெட்டது என்பதைவிட, கொப்பு கெட்டதால் காளான் வந்தது என்பதே பல நேரம் உண்மை. அந்தக் கொப்பின் மேற்குப் பக்கத்தைப் பாருங்கள், பிற்பகல் வெயில் நேரே அடிக்கிறதா என்று. காளான் தெரியும் இடத்துக்குக் கீழே நல்ல பச்சைப் பட்டை வரும்வரை தள்ளி, சுத்தமாக வெட்டி எடுத்துவிடுங்கள். வெட்டிய கொப்பைத் தோப்புக்குள் போட்டு வைக்காமல் அடுப்புக்கு அனுப்புங்கள்.

நாங்கள் மலேசியாவில் இருக்கிறோம். தைப்பிங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த என் அம்மா, இதை 'சென்டவான் குகூர்' என்று சொல்லித் தேங்காய்ப்பாலில் சமைப்பார். தமிழ்நாட்டிலிருந்து வரும் பத்திரிகைகளில் மட்டும் காட்டுக் காளானைத் தொடாதே தொடாதே என்று எழுதுகிறீர்களே, ஏன்?
– வாசகர், ஈப்போ

உங்கள் அம்மா சமைத்ததும் இதே காளான்தான், சந்தேகமே இல்லை. மலாய்க்காரர்கள் சாய்ந்து கிடக்கும் ரப்பர் மரத்திலிருந்து பறித்து, மஞ்சளும் மிளகாயும் சேர்த்துத் தேங்காய்ப்பாலில் கொதிக்க விடுவார்கள். தோட்டத்து லயங்களில் இருந்த நம்மவர்களுக்கும் அந்தப் பக்குவம் கைவந்ததில் ஆச்சரியம் இல்லை. மணிப்பூரில் இதற்குக் 'காங்லாயென்' என்று பெயர், மைத்தெய் சமையலில் கௌரவமான இடம் உண்டு. மிசோரத்திலும் தாய்லாந்திலும் சாப்பிடுகிறார்கள். ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாம் 'தின்னத் தகாதது' என்று எழுதி வைத்திருப்பதற்கு விஷம் காரணமில்லை. தோல் மாதிரி இருக்கிறதே, இதை எப்படி மெல்வது என்கிற சலிப்புதான். நன்றாக வேகவிட்டுத் தேங்காய்ப்பாலில் ஊறவிடும் கைப்பக்குவம் அவர்களுக்குத் தெரியாது, வேறென்ன.

அப்புறம் ஏன் தொடாதே என்கிறோம்? மலேசியாவிலும் மணிப்பூரிலும் பாட்டி பறித்தாள், அம்மா பறித்தாள், பக்கத்தில் நின்று பார்த்த பெண் பறிக்கிறாள். அந்தத் தொடர்ச்சி இருக்கும் இடத்தில் நான் வாய் திறக்க மாட்டேன். எனக்கு இங்கே வரும் கடிதமோ வேறு மாதிரி. 'படம் அனுப்பியிருக்கிறேன் மேடம், இன்றிரவு சமைக்கலாமா?' என்று கேட்கிறார்கள். படத்தைப் பார்த்துச் சாப்பிடலாம் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். பிளவுச் செதில் என்று அடித்துச் சொல்லக்கூடிய படமாக இருந்தாலும், சட்டியில் விழப்போவது படத்தில் இருப்பது மட்டும்தான் என்பதற்கு யார் உத்தரவாதம்?

மரத்தில் முளைக்கும் காளான் எதுவும் விஷமில்லை, தரையில் முளைப்பதுதான் விஷம் என்கிறார் எங்கள் தாத்தா. வெள்ளிக் காசு போட்டு வேகவைத்து, கறுக்காவிட்டால் சாப்பிடலாம் என்றும் சொல்கிறார்.
– வாசகர், ஆத்தூர்

தாத்தா மேல் எனக்கு மரியாதை உண்டு, இரண்டு விதி மேலும் கிடையாது. கலெரினா மார்ஜினேட்டா என்று ஒரு குட்டிப் பழுப்புக் காளான். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மக்கிய மரக்கட்டையில்தான் முளைக்கிறது. அதில் இருக்கும் அமாடாக்சின் ஈரலைத் தின்றுவிடும். சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் வரும். அது ஓய்ந்து 'தேவலை' என்று தோன்றும் நேரத்தில் ஈரல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வெள்ளிக் காசை அது கறுக்க வைக்கவும் செய்யாது. பூண்டு, அரிசி, பூச்சி கடித்த தடம் என்று உலகம் முழுக்க இப்படி வைத்திருக்கும் சோதனைகள் ஒன்றுக்கும் அடிப்படை இல்லை.

காளான் தின்று வயிற்றைப் புரட்டினால், மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சமைத்ததாக இருந்தாலும் பரவாயில்லை.

நான் முதுகலைத் தாவரவியல் மாணவன். சைசோபில்லத்துக்குச் செதில் இருக்கிறது, அதனால் அகாரிகேலிஸ் (பட்டன் காளான் போன்றவை இருக்கும் வரிசை) என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டு, 'விடை சரி, காரணம் தப்பு' என்று எழுதியிருக்கிறார். எனக்குப் புரியவில்லை.
– மாணவர், மதுரை

தம்பி, உன் ஆசிரியர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள். இப்படி எழுதித் திருப்பிக் கொடுப்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

கதையைப் பின்னாலிருந்து பார்ப்போம். உயிரினங்களுக்குப் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸ் காலத்தில் செதில் வைத்த காளான் எல்லாம் அகாரிகஸ் என்ற ஒரே பேரினம். இதையும் அவர் அதிலேயே போட்டார். சுவீடனைச் சேர்ந்த எலியாஸ் ஃப்ரீஸ் 1815-இல் இதைத் தனியே எடுத்துச் சைசோபில்லம் என்று பெயர் வைத்தார். செதிலின் வடிவம், விதைத்தூளின் நிறம் என்று கண்ணுக்குத் தெரிவதை வைத்து ஃப்ரீஸ் போட்ட பாகுபாடு நூறாண்டுக்கு மேல் ஓடியது. இன்றைக்கும் களத்தில் இறங்கினால் நாம் அவர் வழியில்தான் நடக்கிறோம்.

பிறகு வந்தவர்கள் இந்தச் செதிலை மைக்ராஸ்கோப்பில் வைத்து, அது பிறந்து வளரும் விதத்தைக் கவனித்தார்கள். பட்டன் காளானில் செதில் என்பது தொப்பியின் அடியிலிருந்து தொங்கும் ஒரு தகடு. இதில் அப்படி இல்லை. இது முதலில் ஒரு குட்டிக் கிண்ணமாகப் பிறக்கிறது. கிண்ணத்தின் உட்புறம்தான் விதைத்தூள் பரப்பு. வளர வளர அந்தப் பரப்பு பிரிந்து பிரிந்து, பக்கத்தில் பக்கத்தில் நீண்ட கிண்ணங்களாகிறது. அடுத்தடுத்த இரண்டு கிண்ணங்களின் சுவர்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதைத்தான் நாம் 'பிளந்த செதில்' என்கிறோம். அதாவது அது ஒரு செதில் பிளந்ததே அல்ல, இரண்டு சுவர் சேர்ந்து நிற்பது. செதில் வேடம் போட்ட கிண்ணக் காளான் என்று வைத்துக்கொள்.

இதனால் ஒரு காலத்தில் இதைச் செதில் காளான்களோடு சேர்க்கவே கூடாது என்று தூக்கி வேறு வரிசையில் வைத்தார்கள், தனி வரிசையே உண்டாக்கினார்கள். டி.என்.ஏ. வந்த பிறகு பார்த்தால், மறுபடியும் அகாரிகேலிஸுக்குள்ளேயே வந்து விழுகிறது! சைசோபில்லேசியே என்ற சொந்தக் குடும்பத்தில். அதற்கு நெருங்கிய உறவாக வந்து நிற்பது யார் தெரியுமா? ஃபிஸ்டுலினா ஹெபாட்டிகா. ஐரோப்பாவில் ஓக் மரத்தில் வளரும், பார்வைக்குப் பச்சை ஈரல் துண்டு மாதிரி இருக்கும் பெரிய காளான். அதன் அடிப்புறத்தில் செதிலே இல்லை, குழாய்கள் இருக்கின்றன. அந்தக் குழாய்களும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகத் தொங்குகின்றன. குழாயைக் கிண்ணத்தின் நீண்ட வடிவம் என்று எடுத்துக்கொண்டால் இரண்டுக்கும் உள்ள சொந்தம் உடனே விளங்கும். வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்தவர்கள் யாரும் இந்த இரண்டையும் ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே உன் விடை சரி. 'செதில் இருப்பதால்' என்ற காரணம்தான் தப்பு. பரீட்சையில் எழுதும்போது டி.என்.ஏ. ஒப்பீட்டின்படி அகாரிகேலிஸ், செதில் போலத் தெரிவது கிண்ணச் சுவர்களின் சேர்க்கை என்று இரண்டு வரி எழுது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது பாடத்திட்டத்தில் இல்லாமல் இருக்கலாம். மரம் அழுக வைக்கும் பூஞ்சைகளை வெண்ணழுகல், பழுப்பழுகல் என்று இரண்டாகப் பிரித்துப் படித்திருப்பாய். முன்னது மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னினையும் சேர்த்துத் தின்னும், பின்னது லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிட்டு செல்லுலோஸ் போன்ற நார்ப்பொருளை உருவும். இந்தக் காளானை எல்லாப் புத்தகமும் வெண்ணழுகலில் போட்டிருக்கும். ஆனால் 2010-இல் இதன் மரபணுத் தொகுதி முழுதாகப் படிக்கப்பட்டது. சுமார் 13,000 மரபணுக்கள். வெண்ணழுகல் பூஞ்சைகளின் முத்திரையான லிக்னின் உடைக்கும் பெராக்சிடேஸ் என்ற நொதி அதில் இல்லை. உறவுக்கார ஃபிஸ்டுலினாவோ பழுப்பழுகல் போல நடந்துகொள்கிறது. ஆக, அந்த இரண்டு பெட்டிகளிலும் இது ஒழுங்காக அடங்காது. நாம் போடுகிற கட்டம் நம் வசதிக்கு.

'ஒரு காளானுக்கு 23,000 பாலினம்' என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வழக்கமான கப்ஸாதானே?
– வாசகி, சேலம்

இந்த முறை கப்ஸா இல்லை, கொஞ்சம் மிகைப்படுத்தல் மட்டும். அதுவும் இதே பிளவுச் செதில் காளான்தான். ஆண், பெண் என்று உறுப்பு வேறுபாடு எதுவும் இதில் கிடையாது. யார் யாரோடு கூடலாம் என்பதை முடிவு செய்யும் மரபணு அடையாளங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். நம்மூரில் கோத்திரம் பார்ப்பது போல. ஒரே கோத்திரம் என்றால் சம்பந்தம் இல்லை.

இதற்கு இரண்டு கோத்திரம், ஏ என்றும் பி என்றும். ஏ-யில் 288 வகை வரலாம், பி-யில் 81 வகை வரலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெருக்கினால் 23,328. இரண்டு நூல்கள் சந்திக்கும்போது ஏ-யும் வேறாக இருக்க வேண்டும், பி-யும் வேறாக இருக்க வேண்டும். அப்போதுதான் காளானாக முளைக்கும். முன்பின் தெரியாத இரண்டு சந்தித்தால் பெரும்பாலும் பொருத்தம் அமைந்துவிடும். ஒரே காளானின் விதைத்தூளில் பிறந்த உடன்பிறப்புகளுக்குள் அந்த வாய்ப்பு நாலில் ஒன்றுதான்.

இந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு ஹார்வர்டில் இருந்த ஜான் ரேப்பருடையது. உலகின் பல மூலைகளிலிருந்து இந்தக் காளானைத் தருவித்து, ஒன்றோடு ஒன்று சேர்த்துச் சேர்த்துப் பார்த்தார்கள். அவர் மனைவி கார்டி ரேப்பரும் அதே ஆராய்ச்சியைத் தொடர்ந்து நடத்தினார். ஆய்வுக்கூடத்தில் இது பத்தே நாளில் ஒரு தலைமுறையை முடித்துவிடும். அந்தச் சுறுசுறுப்பு இல்லையென்றால் இத்தனை ஜோடி பார்த்திருக்க முடியாது.

'பாலினம்' என்று எழுதினால் வாட்ஸ்அப்பில் ஓடும். 'இணைவகை' என்று எழுதினால் ஓடாது. நீங்கள் இணைவகை என்றே சொல்லுங்கள்.

இந்தக் காளானிலிருந்து ஜப்பானில் புற்றுநோய் மருந்து எடுக்கிறார்களாமே? பொடி செய்து பாலில் கலந்து குடிக்கலாமா?
– வாசகர், வேலூர்

எடுத்தார்கள் என்பது உண்மை. சைசோபில்லன் என்ற சர்க்கரைச் சங்கிலிப் பொருள். கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுப்பவர்களுக்குத் துணை மருந்தாக ஜப்பானில் ஊசி மூலம் கொடுத்தார்கள். பிரித்தெடுத்துச் சுத்தம் செய்த பொருள், ஊசி, மருத்துவமனை, கூடவே கதிர்வீச்சு. இதில் பால் எங்கே வந்தது?

பொடி செய்யும்போது தூள் மூக்கில் ஏறினால் ஏதாவது ஆகுமா? என்று அதே கடிதத்தின் பின்பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். பொடி செய்யாதீர்கள் என்பது முதல் பதில். இந்தக் காளானின் விதைத்தூள் காற்றில் எங்கும் இருக்கிறது, நாம் எல்லோரும் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆரோக்கியமானவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு சைனஸிலும் நுரையீரலிலும் இது குடியேறி வளர்ந்திருக்கிறது, ஜப்பானிலிருந்து இப்படி நிறையப் பதிவுகள் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் காளான் பிடித்த விறகைக் கையாளும்போது மூக்கை மூடிக்கொள்வது நல்லது.

எஸ்டேட்டில் வெட்டிப்போட்ட சில்வர் ஓக் அடிக்கட்டையைச் சுற்றி ஒரே இரவில் நூற்றுக்கணக்கான குட்டிக் குடைகள். மணி வடிவம், சாம்பல் வெள்ளை, மேலே மடிப்பு மடிப்பாக வரி. விரலால் தொட்டால் நொறுங்குகிறது. இதுவும் பிளவுச் செதில்தானா?
– வாசகர், வால்பாறை

இல்லை, காம்பும் குடையும் தெளிவாக இருக்கிறதே. கட்டையைச் சுற்றி இப்படிக் கும்பலாக வருவது பெரும்பாலும் கோப்ரினெல்லஸ் டிசெமினேட்டஸ். படத்தை நம்பி முடிக்காமல் தூள் எடுத்துப் பாருங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்புக் காகிதத்தை ஒட்டி வைத்து, அதன் மேல் ஐந்தாறு குடைகளைக் காம்பு கிள்ளிக் கவிழ்த்து, டம்ளரால் மூடி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் கரும்பழுப்புத் தூள் விழுந்திருந்தால் நான் சொன்ன பக்கம். வெள்ளைத் தூள் என்றால் மைசீனா கூட்டம், மறுபடி எழுதுங்கள். துருப் பழுப்பு என்றால் கையைக் கழுவிவிட்டு எழுதுங்கள்.

வகைப்பாட்டுக்காரர்களை இந்தக் குட்டி படுத்தியபாடு கொஞ்சமில்லை. காளான் ஆய்வாளர் பெர்சூன் 1801-இல் அகாரிகஸ் என்றார். பிறகு மைக்காளான்களான கோப்ரினஸ் பேரினத்தில் வைத்தார்கள். ஆனால் மைக்காளான் என்றால் முற்றியதும் கறுப்பு மையாக உருகி வடிய வேண்டும், இது உருகாது. அதனால் சாத்திரெல்லாவுக்கு மாற்றினார்கள், சூடோகோப்ரினஸ் என்று ஒரு பெயரும் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் 2001-இல் டி.என்.ஏ. சான்றை வைத்து கோப்ரினஸ் பேரினத்தையே உடைத்துவிட்டார்கள். பழைய கோப்ரினஸ் பெயர் சில காளான்களோடு பட்டன் காளான் குடும்பத்துக்குப் போனது. மீதிப் பேர் சாத்திரெல்லேசியே குடும்பத்தில் வேறு வேறு பேரினங்களாகப் பிரிந்தார்கள், உங்கள் அடிக்கட்டைக்காரர் உட்பட. பழைய புத்தகத்தில் கோப்ரினஸ் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

இரவில் ஒளிரும் காளான் மரக்கட்டையில் முளைக்குமாமே, இந்தியாவில் உண்டா?
– ஏழாம் வகுப்பு மாணவி, தென்காசி

உண்டு கண்ணு. மேகாலயாவில் செத்த மூங்கிலில் முளைக்கும் ஒன்றை 2020-இல் புதிய இனமாக அறிவித்தார்கள். ரோரிடோமைசிஸ் ஃபில்லோஸ்டாகிடிஸ் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால் அதன் குடை ஒளிராது, காம்பு மட்டும் பச்சையாக ஒளிரும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மழைக்காலத்தில் ஒளிரும் கட்டைகளைப் பார்க்கலாம். டார்ச்சை அணைத்துவிட்டுக் கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுமையாக நிற்க வேண்டும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ.

காளானை உங்களுக்கு நேரில் அனுப்பி வைத்தால் பார்ப்பீர்களா? எப்படி அனுப்புவது?
– பலர்

பார்ப்பேன். பாலித்தீன் பையில் மட்டும் போடாதீர்கள், போன மாதம் ஒரு பொட்டலத்தைப் பிரித்ததும் வீட்டில் யாரும் இருக்க முடியவில்லை. நிழலில் மொறுமொறுவென்று காயவைத்து, நாளிதழ்க் காகிதத்தில் மடித்து, அட்டைப் பெட்டியில் அனுப்புங்கள். முளைத்திருந்த கட்டையின் ஒரு சிம்பும் அதோடு இருக்கட்டும். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் என்ன மரம், உயிருள்ளதா பட்டதா, எந்த ஊர், எந்தத் தேதி, புதிதாக இருந்தபோது என்ன நிறம், என்ன மணம் என்று எழுதுங்கள். காய்ந்த பிறகு நிறமும் மணமும் போய்விடும், அவற்றை நீங்கள் சொன்னால்தான் எனக்குத் தெரியும். தூள் எடுத்த காகிதத்தையும் மடித்து வையுங்கள். படம் அனுப்புவதானால் மூன்று போதும்: கட்டையோடு ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, திருப்பிப் போட்டு ஒன்று. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் இருக்கட்டும், அளவுக்கு.